ஓபனில் காற்று எந்தப் பக்கம்?

ஸ்காட்லாந்து போகிறேன் என்று யாராவது சொன்னால் அடுத்து வருவது ஒரே கேள்விதான்: "அங்கே எத்தனை டிகிரி?" ஃபோனை எடுத்துப் பார்ப்பார்கள். மேற்குக் கரை ஊரான ஓபன், 12 டிகிரி என்று காட்டும். அதோடு முடிவு செய்துவிடுவார்கள். ஊட்டிக் குளிர்தானே, ஒரு ஸ்வெட்டர் போதும் என்பது ஒரு கட்சி. வெளிநாட்டுக் குளிராயிற்றே என்று முழங்கால்வரை தொங்கும் கனத்த கோட்டு வாங்குவது இன்னொரு கட்சி. ஊர் போய் இறங்கிய மறுநாள் இரண்டு கட்சியும் கடற்கரைச் சாலையில் ஒன்றுபோல நனைந்து நிற்கிறது. இந்த 12 டிகிரி என்கிற எண்ணின்மேல் எனக்கு நெடுநாளாகவே மனத்தாங்கல் உண்டு. எண்ணில் தவறில்லை. என்ன உடுத்துவது, எந்தப் படகில் ஏறுவது, எந்தத் தெருவில் நடப்பது என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அது பதில் சொல்வதில்லை என்பதுதான் குறை. பதில் சொல்லக்கூடிய தகவல், அதாவது காற்றின் திசை, அதே திரையில், இரண்டு வரி கீழே, சின்ன எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

ஓபன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்கைல் வட்டாரத்தில் இருக்கும் சிறிய துறைமுக ஊர். எதிரே கெரெரா தீவு நீளவாக்கில் படுத்து விரிகுடாவை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் அப்பால் மல் தீவின் மலைகள். அவற்றில் உயர்ந்தது பென் மோர், 966 மீட்டர். மாஸ்கோவைவிடச் சற்று வடக்கே இருக்கிற ஊர் இது. ஆனாலும் ஜனவரிப் பகலில் சராசரியாக 7 டிகிரி இருக்கும். ஜூலையில் 17, 18. காரணம் அட்லாண்டிக். கடல்நீர் குளிர்கால முடிவில் 7, 8 டிகிரிக்குக் கீழே போவதில்லை, ஆகஸ்டில் 13, 14-க்கு மேலே ஏறுவதும் அபூர்வம். கரை அந்தக் கடலோடு ஒட்டியே சூடாகி ஒட்டியே குளிர்கிறது. நடுக்கோடைக்கும் நடுக்குளிர்காலத்துக்கும் பத்து, பதினோரு டிகிரிதான் வித்தியாசம் என்றால், வெப்பமானி பார்த்துத் துணி எடுப்பதில் அர்த்தமே இல்லை.

மழைக் கணக்கைப் பாருங்கள். ஓபனை ஒட்டியுள்ள டன்ஸ்டாஃப்னேஜ் வானிலை நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் 1,400 சொச்சம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் சென்னையில் அது சில மாதங்களில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஓபனில் ஆண்டின் ஏறத்தாழ பாதி நாட்களில் ஏதோ ஒரு நேரம் மழை உண்டு. ஊறவைக்கும் தூறல், அரைமணிச் சாரல், இரவெல்லாம் ஒரே சீராகப் பெய்வது என்று பல வகை. கடை வாசலில் ஒதுங்கி "மழை விடட்டும், கிளம்பலாம்" என்று நிற்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதை ஓபனில் கடைப்பிடித்தால் பயணம் கடை வாசலிலேயே முடிந்துவிடும். ஊர்க்காரர்கள் மழையிலேயே நடக்கிறார்கள், மழையிலேயே நாயைக் கூட்டிப்போகிறார்கள், துறைமுகத்துப் பச்சைக் குடிசைக் கடை முன்னால் நின்றபடியே நண்டு சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் குளிர் பழகிவிட்டது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அவர்கள் போட்டிருக்கும் துணி.

ஒரே 12 டிகிரி, மூன்று விதமான நாள்

மே மாதத்தில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளும் ஃபோன் 12 டிகிரி என்றே சொல்கிறது.

முதல் நாள் காற்று தென்மேற்கிலிருந்து. ஓபனுக்கு அதிகமாக வரும் காற்று இதுதான். வெதுவெதுப்பான கடல்மீது நெடுந்தூரம் வந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு, மல் தீவின் மலைகளில் முட்டி மேலேறி, குளிர்ந்து மழையாகிறது. மேகம் மலையின் பாதிவரை இறங்கிவிடும். எதிரே இருப்பது கெரெராவா வெறும் சாம்பல் நிறமா என்றே தெரியாது. காலையில் தூறல், பத்து மணிக்குள் நிதானமான மழை, மாலைவரை நிற்காது. இரவும் பகலும் வெப்பநிலை அப்படியே கிடக்கும். இந்த நாளில் ஆளை வீழ்த்துவது ஈரம். காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே அதிகம் என்பதால் மழைக்கோட்டுக்குள் வேர்வை காயாது. உள்ளேயிருந்து ஒரு நனைதல், வெளியேயிருந்து ஒரு நனைதல். மலைக்காட்சிக்காக 144 படி ஏறி மெக்கெய்க் கோபுரத்துக்குப் போவதில் பயன் இல்லை. விஸ்கி டிஸ்டிலரி (1794-இல் தொடங்கியது), கடற்கரைச் சாலையில் உள்ள போர் அமைதி அருங்காட்சியகம், டன்ஸ்டாஃப்னேஜ் கடலாய்வு நிலையத்தின் காட்சிக்கூடம் என்று கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியவற்றை இந்த நாளுக்கு ஒதுக்குங்கள். வெளியில் பார்க்கத் தகுந்த ஒன்றும் உண்டு: 8 கிலோமீட்டர் தள்ளி கானல் பாலத்தின் அடியில் லோரா நீர்வீழ்ச்சி. கடல் வற்றும்போது கடலோடு இணைந்த எட்டிவ் ஏரியின் நீர் பாறைத்தடத்தின்மேல் புரண்டு வெளியேறுவதால் உண்டாவது அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில்தான் வேகம் தெரியும். அதற்கு வெயில் தேவையில்லை, ஓத அட்டவணை போதும்.

இரண்டாம் நாள், அந்த மழைப்பட்டை கிழக்கே நகர்ந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடுகிறது. இது வடதுருவப் பக்கத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த, சுத்தமான காற்று. கெரெராவின் ஒவ்வொரு பாறையும், மல் தீவின் மடிப்பு மடிப்பான சரிவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நீல வானம், நடுவே வெள்ளை மேகக் கோபுரங்கள். அவற்றில் ஒன்று தலைக்கு மேல் வந்தால் பத்து, இருபது நிமிடம் சாத்தும்; வசந்தத்தில் சில சமயம் ஆலங்கட்டியாகவும் விழும். வெப்பநிலை மூன்று, நான்கு டிகிரி சரிந்துவிட்டு, மேகம் கடந்ததும் பழையபடி வெயில். புகைப்படம் எடுக்கவும் மேட்டில் ஏறவும் இதைவிட நல்ல நாள் ஓபனில் கிடையாது. ஆனால் மழைக்கோட்டை ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை போட்டுக் கழற்ற வேண்டியிருக்கும். பைக்குள் அடியில் மடித்து வைத்தவர்கள் நனைவது இந்த நாளில்தான். கோட்டு பையின் வாயிலேயே, ஒரே இழுப்பில் வெளியே வரும்படி இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காற்று கிழக்கிலிருந்து. வட கடலில் ஈரம் வாங்கிய காற்று ஸ்காட்லாந்தின் குறுக்கே உள்ள மலைகளைத் தாண்டும்போது அந்த ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, உலர்ந்த காற்றாக மேற்கே இறங்குகிறது. அன்றைக்குக் கிழக்குக் கரையிலுள்ள எடின்பரோவும் செயின்ட் ஆண்ட்ரூஸும் ஹார் என்கிற கடல்மூடுபனியில் பத்து டிகிரிக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, ஓபனில் மதியத்துக்குள் 12 டிகிரி 18 ஆகலாம், மேலும் ஏறலாம். கானவன் மணற்கரையில் குழந்தைகள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். ஏப்ரல் முதல் ஜூன்வரை இந்தக் காற்று மற்ற மாதங்களைவிட அடிக்கடி வாய்க்கிறது. மேற்குக் கரைக்கு மே மாதத்தில் போகச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். எடின்பரோவில் தங்கியிருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துவிட்டு ஓபன் பயணத்தை ரத்து செய்கிறார்கள்; அன்றைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

நம் கடலோரத்து மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடை அடித்தால் ஒரு மாதிரி, கச்சான் அடித்தால் ஒரு மாதிரி என்று காலையில் முகத்தில் படும் காற்றை வைத்தே அவர்கள் நாளைத் தீர்மானிக்கிறார்கள். உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் டிகிரி ஒன்றே வானிலை.

பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் செயலியில் மணிவாரி அட்டவணையைத் திறந்தால் மழை வாய்ப்புக்குக் கீழே காற்றின் திசை, வேகம், திடீர் வீச்சின் உச்ச வேகம் மூன்றும் இருக்கும். திசைக்கு அம்புக்குறியைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள், எஸ்.டபிள்யூ. என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். வேகம் மைலில் இருக்கும், 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தைவிட உச்ச வேகமே முக்கியம். குடையை மடக்குவதும் ஆளைத் தள்ளுவதும் அதுதான். ஐந்து நாளுக்கு அப்பால் உள்ள முன்னறிவிப்பை வைத்து எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். முந்தைய நாள் மாலை ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் பார்த்தால் போதும். சாரல் நாளில் அட்டவணையை மூடிவிட்டு மழை ராடார் படத்தைத் திறந்தால், பட்டை எப்போது கடக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

என்ன உடுத்துவது

குடையை வீட்டில் வையுங்கள். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் காற்று ஓபன் கடற்கரையில் சாதாரணம், மழையும் சாய்ந்தே வரும். போன்ச்சோவும் உதவாது, காற்று அதை முகத்துக்கு மேல் தூக்கிவிடும்.

முதல் செலவு மழைக்கோட்டு. பட்ஜெட்டின் பெரும்பகுதியை இதிலேயே போடலாம், மற்றவற்றில் சிக்கனம் பார்க்கலாம். கடையில் இரண்டு சொற்கள் குழப்பும்: "வாட்டர் ரெசிஸ்டன்ட்", "வாட்டர்ப்ரூஃப்". முதலாவது அரைமணித் தூறல்வரைதான் தாங்கும். இரண்டாவதே வேண்டும், அதிலும் துணியின் நீர்த்தாங்கு அளவு (எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு) 10,000 மில்லிமீட்டராவது இருக்கட்டும். 20,000 என்றால் முதுகுப்பை வார் அழுத்தும் தோள்பட்டையிலும் கசியாது. பிறகு கோட்டை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலின்மேலும் பட்டையான டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசித் துளைகள் வழியாகத்தான் மழை நுழையும். டேப் இல்லாவிட்டால் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. தலைமூடியின் முன்விளிம்பு விறைப்பாக, கண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னந்தலையில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டும், இல்லாவிட்டால் தலையைத் திருப்பும்போது மூடி திரும்பாது, பாதிக் கண்ணை மறைத்துவிடும். மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை, இடுப்புக்குக் கீழே வரும் நீளம், அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி போடுபவர்கள் தலைமூடிக்குள் ஒரு சாதாரண கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டால் லென்ஸ் நனையாது.

வாங்கியதும் ஊரிலேயே சோதித்துவிடுங்கள். குளியலறையில் ஷவருக்குக் கீழே கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். கையை உயர்த்துங்கள், திரும்புங்கள், தலையைக் குனியுங்கள். உள்ளே ஒரு வெளிர்சாம்பல் நிறப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் எங்கே நனைந்தது என்று கறையாகத் தெரியும். பெரும்பாலும் கசிவது கழுத்து, மணிக்கட்டு, முன்ஜிப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களில்தான்.

ஏற்கெனவே நல்ல கோட்டு வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் வேறு: "பழசாகிவிட்டது, ஒழுகுகிறது." அநேகமாக அது ஒழுகவில்லை. துணியின் மேற்பரப்பில் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கும். அழுக்கும் சாதாரண சோப்புத்தூளும் அதைக் கெடுத்ததும் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடுகிறது. அப்போது உள்ளேயிருந்து வேர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் கோட்டின் உட்புறத்திலேயே நீராகப் படிகிறது. நனைவது உங்கள் வேர்வையில்தான். இதற்கென்றே விற்கும் திரவ சோப்பில் துவைத்து, பூச்சுத் திரவத்தை ஏற்றி, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் ஓட்டினால் புதிதுபோல் உருட்டும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

உள்ளே போடுவது மூன்று அடுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால்தான் சரியாகச் செய்ய முடியும். தண்ணீர் உடல்சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. பருத்தி பனியன் வேர்வையை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நடை நின்றதும் அதுவே உங்களைக் குளிர்விக்கும். அதனால் தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெல்லிய செயற்கைக் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் கோட்டு. ஒரு வாரத்துக்கு மெரினோ பனியன் இரண்டு போதும். கம்பளி சீக்கிரம் நாற்றமடிக்காது. நிற்கும்போது, படகுத்தட்டில் போட்டுக்கொள்ள, செயற்கை இழை நிரப்பிய மெல்லிய ஜாக்கெட் ஒன்று. வெளிநாட்டுக்கென்று பலரும் வாங்கும் வாத்திறகு ஜாக்கெட் உலர்குளிருக்கு உகந்தது. ஓபன் ஈரத்தில் இறகு கட்டிதட்டிச் சூட்டைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடும், காயவும் நாளாகும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அரைக் கிலோமீட்டரில் வேர்த்துவிடுவீர்கள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், உரசும், ஓர் இரவில் காயாது. சீக்கிரம் காயும் நைலான் பேன்ட், அதன்மேல் மழைப்பேன்ட். மழைப்பேன்ட்டின் பக்கவாட்டு ஜிப் முழங்கால்வரை திறக்க வேண்டும், அப்போதுதான் ஷூவைக் கழற்றாமல் போட முடியும். இல்லாவிட்டால் சாரல் வரும்போது ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்று தடுமாற வேண்டும். சுடிதார் உடுத்துபவர்களும் பருத்தி பேன்ட்டுக்குப் பதில் கம்பளி கலந்த லெகிங்ஸ் போட்டு மேலே மழைப்பேன்ட் இழுத்துக்கொள்ளலாம். துப்பட்டாவைப் படகுத்தட்டில் காற்று பிடுங்கும். கழுத்தோடு ஒட்டி நிற்கும் குழாய்வடிவ கழுத்துத்துணி அதைவிட வெதுவெதுப்பு. மங்கி கேப் கோட்டின் தலைமூடிக்குள் அடங்காது, மெல்லிய கம்பளித் தொப்பி எடுங்கள்.

கால்தான் பயணத்தைக் கெடுக்கும். உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்த, கணுக்காலை மூடும், ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். படகு இறங்கும் சரிவுகளில் கடல்பாசி படிந்திருக்கும். கெரெராவில் கைலன் கோட்டைக்கு நடக்கும் பாதை மழைக்குப் பின் சேறு. கம்பளி சாக்ஸ் போடுவதற்காக அரை அளவு பெரிதாக எடுத்து, பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே போட்டு நடந்து பழகுங்கள். எந்த நல்ல ஷூவிலும் தண்ணீர் மேல்வாய் வழியாக வரும். மழைப்பேன்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகக் கூடாது. நனைந்துவிட்டால் உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கி நிறையத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றுங்கள். ஹீட்டர்மேல் வைத்தால் அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும். ஜூன், ஜூலையில் பல விடுதிகளில் ஹீட்டரே ஓடாது என்பதால், அறை எடுக்கும்போது துணி காயவைக்கும் அறை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. முதுகுப்பைக்கு வெளியுறை வாங்காதீர்கள், காற்றில் கழன்று பறக்கும். தடித்த குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிவிட்டால் ஒரு சொட்டு நுழையாது.

கடலும் ரயிலும்

ஓபனிலிருந்து கால்மேக் கப்பல்கள் மல், லிஸ்மோர், காலன்ஸி, கால், டைரீ, பாரா தீவுகளுக்குப் போகின்றன. மல் தீவின் கிரெய்க்நியூருக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். வாகனம் இல்லாமல் ஏறுபவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். காரோடு போவதானால் கோடையில் வாரக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். கப்பல் நகரத் தொடங்கியதும் அதன் வேகமும் எதிர்க்காற்றோடு சேர்ந்துகொள்ளும். 8 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று பட்டால் தோலுக்கு அது 3 டிகிரி. கரையில் போதுமாக இருந்த உடை மேல்தட்டில் போதாது. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே, குறித்த நேரத்தில் போட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பின் போட்டால் பலனில்லை. கப்பலின் நடுப்பகுதியில், தொடுவானம் தெரியும் ஜன்னலோரம் உட்காருங்கள்.

ஸ்டாஃபா தீவின் எரிமலைப் பாறைத் தூண்களைப் பார்க்கப் போகும் சிறிய படகுகளின் கணக்கு வேறு. ஓபனில் வெயிலடிக்கும், இலைகூட அசையாது, ஆனாலும் "இன்று தீவில் இறக்க முடியாது" என்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கோ நடு அட்லாண்டிக்கில் இரண்டு நாள் முன்பு அடித்த புயல் எழுப்பிய நெடும்அலை அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும். ஸ்டாஃபாவின் இறங்குதுறைக்கு அந்த அலையிலிருந்து முழு மறைப்பு இல்லை. படகு ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் காலை வைக்க முடியாது. இந்தப் பயணத்தைத் தங்கும் நாட்களில் முதல் நாளுக்கே போட்டுவிடுங்கள். ரத்தானால் தள்ளிப்போட நாள் மிச்சமிருக்கும். பஃபின் பறவைகளுக்காக லுங்கா தீவுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம்வரைதான் காலம்.

கிளாஸ்கோ குயீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கிரியன்லாரிக்கில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபனுக்கு, மறு பாதி ஃபோர்ட் வில்லியம் வழியாக மலேகுக்கு. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிராண்டர் கணவாயில் பாதை குருவாக்கன் மலைச்சரிவின் அடியில், ஏரியை ஒட்டி ஓடுகிறது. சரிவை ஒட்டிக் கம்பிவேலி ஒன்று தெரியும். 1882-இல் போட்டது. மலையிலிருந்து பாறை உருண்டு எந்தக் கம்பியை அறுத்தாலும் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும். காற்றில் அந்தக் கம்பிகள் முரலும் ஒலியால் அதற்கு ஆண்டர்சனின் பியானோ என்று பெயர். ஆண்டர்சன் அந்த ரயில் நிறுவனத்தின் செயலாளராக இருந்தவர். 140 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு ரயில்பாதை தன் வானிலைக்கு இப்படித் தயாராக நிற்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அக்டோபர் முதல் பிப்ரவரிவரை போகிறவர்கள் புயலுக்கு ஒரு நாளைச் சேர்த்தே திட்டமிட வேண்டும். 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயலுக்காக ஸ்காட்லாந்தின் பயணிகள் ரயில் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது. மெட் ஆபீஸின் மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம், ஆம்பர் (செம்மஞ்சள்) என்றால் பயணத்தை மாற்றுங்கள், சிவப்பு என்றால் வெளியே போகாதீர்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு கிளாஸ்கோவில் இருங்கள்; ஓபனிலிருந்து அதே நாளில் விமான நிலையம் போவது துணிச்சலுக்குரிய காரியமல்ல. டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும், நடையை மூன்றுக்குள் முடியுங்கள். ஜூனில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடும் இடங்கள் உண்டு.

காற்றே இல்லாத மாலை

இவ்வளவு நேரம் காற்றைப் பற்றிப் பேசியாயிற்று. அது அறவே நின்றுவிடும் மாலையும் ஒன்று உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை அதற்கும் ஏற்பாடு வேண்டும். மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி, கொசுவைவிட மிகச் சிறியது, கூட்டம் கூட்டமாக வந்து மயிர்க்கால் ஓரங்களிலும் காதுக்குள்ளும் கடிக்கும். மேகமூட்டமான, ஈரமான, அசைவற்ற காலையும் மாலையும் அதற்கு வேட்டை நேரம். மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. அதனால் ஓபன் கடற்கரையில் தொல்லை குறைவு; மரங்கள் சூழ்ந்த டனோலிப் பாதையிலும் கெரெராவின் பள்ளங்களிலும் ஏரிக்கரைகளிலும் அதிகம். பிகாரிடின் என்கிற பூச்சிவிரட்டி கலந்த களிம்பு வேலை செய்யும். சாதாரணக் கொசுவலையின் துளை இதற்குப் பெரிது, மிட்ஜுக்கென்று நெய்த தலைவலையை ஓபன் கடைகளிலேயே வாங்கலாம். கறுப்பு வலை வழியாகத்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெளிர்நிறச் சட்டை போடுங்கள், அடர்நிறத்தை அது தேடி வருகிறது.

புல்லிலும் பெரணியிலும் நடந்தால் உண்ணி ஏறும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். பேன்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடந்து, இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடியின் ஓரம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உண்ணிக் கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி, உடலை நசுக்காமல், கொக்கியைத் திருகியபடி மேலே எடுங்கள். எடுத்த தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, ஊர் திரும்பியிருந்தாலும் மருத்துவரிடம் உண்ணி கடித்ததையும் கடித்த நாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.